சென்னையின் எஃப்சி: கோச்சை மாற்றணுமா, ஆட்களை மாற்றணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆடும் நம் ஊர்க் கால்பந்து கிளப். ஆட்டம் முடிந்து நேரு ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்து பெரியமேடு பக்கம் டீ குடிக்க நின்றால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இந்த கோச்சைத் தூக்கினாத்தான் சரிப்படும்." இன்னொருவர், "கோச் என்ன பண்ணுவான், ஆளே இல்லையே" என்பார். பத்து வருடமாக இதே பேச்சு. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், கால்பந்தே பார்க்காத என் மைத்துனர் என்று பலரும் கேட்ட சந்தேகங்களை அவரவர் கேட்ட மாதிரியே போட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் கிளப்பில் வேலை செய்பவன் கிடையாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கத்துகிற ஆள், அவ்வளவுதான்.

முதல்ல இதைச் சொல்லுங்க, கிரிக்கெட்ல கேப்டன்தானே எல்லாம். புட்பால்ல கோச்சுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து யோசிக்க நேரம் இருக்கிறது. ஃபீல்டிங் மாற்றுவது, பவுலரை மாற்றுவது எல்லாம் மைதானத்திலேயே கேப்டன் செய்கிறார். கால்பந்தில் 45 நிமிடம் ஆட்டம் நிற்காமல் ஓடும். யார் எங்கே நிற்பது, பந்து பறிபோனால் யார் ஓடி மறிப்பது, கார்னருக்கு யார் எந்த இடத்துக்குப் பாய்வது என்பதையெல்லாம் வாரம் முழுக்கப் பயிற்சியில் பழக்கி வைத்திருக்க வேண்டும். அதைப் பழக்குகிறவர்தான் கோச். பதினொரு பேரில் யார் இறங்குவது என்பதும் அவர் முடிவு.

நம் ஊர் கிளப்புகளில் எந்த வீரரை வாங்குவது என்பதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தோற்றால் பழியும் அவருக்கே. இருபது பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றிவிடலாம். கோச்சைத் தூக்குவது இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இதுவரைக்கும் சென்னையின்ல எத்தனை கோச் வந்து போயிருக்காங்க?

2014இல் கிளப் தொடங்கியபோது மார்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் முட்டினாரே, அவர்தான். முதல் வருடம் அவரே விளையாடிக்கொண்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டும் இருந்தார். 2015இல் கோப்பை, 2016இல் ஏழாம் இடம். அப்புறம் ஆஸ்டன் வில்லாவில் இருந்த ஜான் கிரிகரி: 2017-18இல் இரண்டாவது கோப்பை, அடுத்த சீசனில் கடைசி இடம். 2019 நவம்பர் கடைசியில் அவர் விலக, ஓவன் கொய்ல் வந்து அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகுதான் பேருந்து நிலையம் மாதிரி ஆனது. 2020-21இல் சாபா லாஸ்லோ, 2021-22இல் போஜிதார் பாண்டோவிச், அவர் நடுவில் போனதும் மீதி ஆட்டங்களுக்கு சபீர் பாஷா, 2022-23இல் தாமஸ் பிரதாரிச், 2023இல் மறுபடி கொய்ல், 2025இல் கிளிஃபர்ட் மிராண்டா. ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: லாஸ்லோ, பாண்டோவிச், பிரதாரிச் என்று தொடங்கிய மூன்று சீசன்களும் முடிந்தது ஒரே இடத்தில்தான். எட்டாவது, எட்டாவது, எட்டாவது.

"ஸ்குவாடை ஸ்ட்ராங் பண்ணணும்"னு சொல்றாங்களே, காசு கொட்டிப் பெரிய ஆளா வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுதே?

ஐஎஸ்எல்லில் அப்படிக் கொட்ட முடியாது. ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2024-25 சீசனுக்கு அது 18 கோடி ரூபாய். வெளிநாட்டு வீரர்களுக்கும் கணக்கு உண்டு. 2014இல் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் இருக்கலாம். 2017-18இல் அது ஐந்தானது, 2021-22இல் நான்கானது.

அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 2014இல் களத்தில் ஐந்து இந்தியர்கள் இருந்தால் போதும். 2021-22 முதல் ஏழு பேர் வேண்டும். கோப்பை யாருக்கு என்பதை அந்த ஏழு பேர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எலானோ மாதிரி ஒரு ஸ்டார் வந்தாத்தானே கூட்டம் வரும், கப்பும் வரும்?

கூட்டம் வந்தது, மறுக்கவில்லை. 2014இல் பிரேசில்காரர் எலானோ எட்டு கோல் போட்டு, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார். அவருடைய ஃப்ரீ கிக்குக்கு ஸ்டேடியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியாது. லீக் சுற்றில் நாம்தான் முதலிடம். ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றோம்.

அது இரண்டரை மாதத்தில் முடிந்துவிடுகிற போட்டி. பேர் பெற்ற ஒருவர் வந்து எட்டு வாரம் ஜொலித்தால் போதும். அப்புறம் லீக் சுற்றே 20, 22, 24 ஆட்டம் என்று நீண்டது. வெயில், பயணம், காயம் எல்லாம் தாண்டி மாதக்கணக்கில் ஓடக்கூடிய ஆள் வேண்டும். அதற்குப் பெயர் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நெரியஸ் வால்ஸ்கிஸ் என்ற பெயரை அவர் இங்கே வருவதற்கு முன் நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சரி, ஒரு நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் கிடைச்சா மட்டும் போதும்தானே? மெண்டோசா இருந்தப்ப ஜெயிச்சோமே.

மெண்டோசா 2015இல் 13 கோல் போட்டார். கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் கடைசி நிமிடத்தில் வெற்றி கோலும் அவருடையது, 3-2. வால்ஸ்கிஸ் 2019-20இல் 15 கோல். இரண்டு முறையும் இறுதிவரை போனோம். அதனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நடுவில் ஒரு கோப்பை இருக்கிறதே, 2017-18. அந்த சீசனில் நம் அணியில் அதிக கோல் போட்டவர் மிசோரத்தின் ஜெஜே லால்பெக்லுவா, ஒன்பது. பெங்களூருவில் நடந்த இறுதிப்போட்டியில் முதல் கோல் சுனில் சேத்ரிக்கு. அதைத் திருப்பிப் போட்டு, முன்னிலையும் எடுத்துத் தந்தவர் டிஃபென்டர் மெயில்சன் ஆல்வெஸ். இரண்டுமே கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டியவை. மூன்றாவது கோல் மிட்ஃபீல்டர் ராஃபேல் அகுஸ்டோ. ஸ்ட்ரைக்கரே கோல் போடாமல் இறுதிப்போட்டியை ஜெயித்த அணி அது.

நடு சீசன்ல கோச்சை மாத்தினா டீம் எழுந்திருக்குமா?

சென்னையின் வரலாற்றிலேயே இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 2019-20இல் முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கிரிகரி விலகினார், கொய்ல் வந்தார், நாலாம் இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனோம். அங்கே கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வீழ்த்தினோம். 2020 மார்ச் 14, கொரோனா காரணமாக ஆளில்லாத கோவா ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 என்று இறுதியில் தோற்றோம். டிவியில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தபோது ஏதோ ஒத்திகை ஆட்டத்தில் தோற்ற மாதிரி இருந்தது. இன்னும் அது ஆறவில்லை.

2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று உதை வாங்கியதும் பாண்டோவிச் போனார். அந்த முறை எதுவும் எழவில்லை. எட்டாம் இடம். அப்புறம் யாரும் பேசாத மூன்றாவது உதாரணம் ஒன்று உண்டு: 2015இல் லீக் சுற்றின் பிற்பகுதியில் நாம் பட்டியலின் அடியில் கிடந்தோம். மாட்டராசியை யாரும் அசைக்கவில்லை. கோப்பையோடு முடிந்தது.

2019ல கொய்ல் வந்ததும் அதே டீம் பறந்துச்சே? அப்ப கிரிகரிதானே பிரச்சினை?

"அதே டீம்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி என்று கொய்லுக்கு கோல் கோலாகப் போட்டுத் தந்தவர்கள் எல்லாம் கிரிகரி இருந்தபோது வந்தவர்கள். சமையல் சாமான் எல்லாம் ஒருவர் வாங்கி வைத்தார், அடுப்பைச் சரியாகப் பற்றவைத்தவர் இன்னொருவர். சாமானே இல்லாத வீட்டில் சமையல்காரரை மாற்றி என்ன பயன்? 2022இல் நடந்தது அதுதான்.

இதனால் கொய்ல் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகாது. சுருண்டு கிடந்தவர்களை முன்னேறி ஆடவைத்தார், அதுவே பெரிய வேலை. இங்கிருந்து போய் 2021-22இல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வால்ஸ்கிஸையும் தன்னோடு ஜாம்ஷெட்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்பது நம் வயிற்றெரிச்சல்.

கப் அடிச்ச கோச், அதே பசங்க. அடுத்த வருஷம் எப்படிக் கடைசி இடம்?

இதுதான் என் கட்சிக்கே சிக்கலான கேள்வி. 2018-19இல் 18 ஆட்டத்தில் வெறும் ஒன்பது புள்ளி. கிரிகரி, ஜெஜே, மெயில்சன், கால்டெரோன், அகுஸ்டோ, தாப்பா எல்லாரும் இருந்தார்கள். ஆட்கள் நிலையாக இருந்தால் ஜெயிக்கலாம் என்று நான் சொல்வது உண்மையானால் இது நடந்திருக்கக் கூடாது.

என் பதில்: பெயர்ப் பட்டியல் நிலைத்தது, அணி நிலைக்கவில்லை. கோப்பை வாங்கித் தந்த டிஃபென்ஸிலிருந்து கேப்டன் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுவில் பந்தை அறுத்துக்கொண்டிருந்த தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் விழுந்தார். முந்தைய சீசனில் ஒன்பது கோல் போட்ட ஜெஜே இதில் ஒன்றோடு நின்றார். ஒரே நேரத்தில் மூன்று தூண் சாய்ந்தால் கூரை நிற்காது. போன வருட அணியே போதும் என்று விட்டுவிடுவதும் ஒரு தவறுதான். கோப்பை வாங்கிய மறுநாளே பலவீனம் எங்கே என்று தேட வேண்டும். ஜெயித்த வீட்டில் அதைச் செய்ய யாருக்கும் மனசு வராது.

கிரிகரிக்கு இன்னொரு வருடம் கொடுத்தது சரியா என்றால், சரி என்றுதான் சொல்வேன். அந்த இன்னொரு வருடத்தில்தான் வால்ஸ்கிஸ் வந்தார்.

பிரதாரிச் நல்லாத்தானே ஆடவச்சாரு? ஏன் அனுப்பினாங்க?

அவர் அணி கோல் போட்டது, கோல் வாங்கவும் செய்தது. கவுஹாத்தியில் நார்த்ஈஸ்ட்டை 7-3 என்று அடித்த ஆட்டம் ஞாபகம் இருக்கும், எல் கயாத்தி மூன்று கோல் போட்டார். பார்க்கிற நமக்குக் கொண்டாட்டம், நெஞ்சு பலவீனமானவர்களுக்குக் கஷ்டம்.

கணக்கைப் பாருங்கள். பிரதாரிச் 2022-23இல் 20 ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார், எட்டாம் இடம், ஒரு சீசனோடு போனார். கொய்ல் திரும்பி வந்து 2023-24இல் 22 ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார், ஆறாம் இடம், நான்கு வருடம் கழித்து பிளே-ஆஃப் (முதல் ஆறு அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்று) என்று எல்லாரும் கொண்டாடினோம். நானும்தான் கொண்டாடினேன். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால் பிரதாரிச்சுக்கு 1.35, கொய்லுக்கு 1.23. முதல் வருடம் ஆறாம் இடத்துக்கு 30 புள்ளி தேவைப்பட்டது, அடுத்த வருடம் 27 போதுமாக இருந்தது. மற்ற அணிகள் சறுக்கியதில் நாம் மேலே வந்தோம். கோச்சை எடைபோடும்போது எத்தனாவது இடம் என்பதை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

அடுத்த சீசன், 2024-25. அதே கொய்ல், 24 ஆட்டத்தில் 27 புள்ளி, 13 அணிகளில் 11ஆம் இடம். முந்தைய வருடக் கணக்கை ஒழுங்காகப் படித்திருந்தால் இதில் பாதி அதிர்ச்சிதான் வந்திருக்கும்.

தாப்பாவை விட்டது தப்பா?

இந்த ரைமை எனக்கு அனுப்பாத ஆளே கிடையாது. ஆமாம், தப்பு. ஆனால் அது தனித் தப்பு கிடையாது, ஒரு வரிசையில் கடைசி.

2020 இறுதிப்போட்டியில் ஆடிய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்கீப்பர் விஷால் கைத். நடுவில் அனிருத் தாப்பா. ஓரத்தில் லாலியன்சுவாலா சாங்தே. மூன்று பேரும் இளைஞர்கள், இந்தியர்கள். கோச்சுகள் வந்து போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் இவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சாங்தே 2022 ஜனவரியில் மும்பைக்கு. அடுத்த சீசனில் ஐஎஸ்எல்லின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். கைத் 2022இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு. போன முதல் சீசனிலேயே சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையும் கோப்பையும். தாப்பா 2016 முதல் நம்மோடு இருந்து கேப்டனாகவும் ஆனவர், 2023இல் அவரும் மோகன் பகானுக்கு.

2024 மே 4, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. மோகன் பகான் பக்கம் கைத், தாப்பா. மும்பை பக்கம் சாங்தே. மும்பை 3-1 என்று ஜெயித்தது. நான் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். எந்த அணிக்குக் கைதட்டுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் நம் வீட்டுப் பிள்ளைகள். அன்றைக்கு முடிவு செய்ததுதான்: கோச் பற்றிய சண்டையில் இனிக் கொஞ்சம் குறைவாகக் கத்துவோம், எந்த இந்திய வீரருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கொஞ்சம் அதிகமாகக் கேட்போம்.

அவங்களே போகணும்னு நினைச்சா கிளப் என்ன பண்ண முடியும்? கட்டிப்போட முடியுமா?

முடியாது. கொல்கத்தாவும் மும்பையும் தருகிற சம்பளத்தையும் கோப்பை வாய்ப்பையும் நம்மால் எல்லா நேரமும் தர முடியாது, அது நிஜம். வீரரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வீரரின் கோணத்திலிருந்து பாருங்கள். வருடா வருடம் புது கோச். ஒருவர் உன்னை ஓரத்தில் ஆடச் சொல்கிறார், அடுத்தவர் நடுவில், மூன்றாமவருக்கு உன் பெயரே தெரியாது. ஒவ்வொரு ஜூலையிலும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அந்த வயதில் யார் இருப்பார்கள்? கோச் மாற்றத்துக்கும் ஆட்கள் போவதற்கும் உள்ள முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்பதால்தான் டீக்கடைச் சண்டை முடிவதே இல்லை.

சென்னையின்னு பேர் வச்சுட்டுத் தமிழ்நாட்டுப் பசங்களை ஏன் எடுக்க மாட்டேங்குறாங்க?

எடுக்கவே இல்லை என்பது உண்மையில்லை. மேலே சொன்ன தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர், 2018 கோப்பை அணியின் நடுத்தூண். எட்வின் சிட்னி வான்ஸ்பால் நான்கு சீசன் ஆடினார். நடுவில் சில ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்ற சபீர் பாஷாவும் நம் ஊர்தான்.

போதுமா என்றால் போதாது. 2018-19இல் நாம் ஐஎஸ்எல்லில் கடைசியாக வந்த அதே சீசனில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச், கோல் போட ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி, அவர்களைச் சுற்றி நிறையத் தமிழ்நாட்டுப் பையன்கள். எட்வின் அங்கிருந்துதான் வந்தார். குமரி மாவட்டக் கடற்கரையில் பந்து பழகிய மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியிலிருந்து நேராக ஜாம்ஷெட்பூர் போய் அப்புறம் ஏடிகேவுக்குப் போனார். நந்தகுமார் ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்கால் போய், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் அதே ஊர்ப் போட்டி அணியான மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் போட்டுக் கொல்கத்தாவில் பாதிப் பேருக்குச் செல்லப்பிள்ளையானார்.

உள்ளூர்ப் பாசத்துக்காகச் சொல்லவில்லை. வீடு பக்கத்தில் இருக்கிற வீரர் சீக்கிரம் கிளப்பை விட்டுப் போக மாட்டார். முந்தைய பதிலில் சொன்ன சிக்கலுக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை.

வேற எந்த கிளப் இதைச் சரியா பண்ணிருக்கு? சும்மா குறை மட்டும் சொல்லாதீங்க.

ஹைதராபாத். 2019-20இல் அவர்கள் கடைசி இடம். அடுத்து மனோலோ மார்க்கெஸ் வந்தார். ஆகாஷ் மிஸ்ரா, ஆஷிஷ் ராய், முகமது யாசிர் மாதிரி இளம் இந்தியர்களை இறக்கினார், முதல் வருடம் ஐந்தாம் இடம். கோப்பை இல்லை என்று யாரும் அவரை அனுப்பவில்லை. அந்த இளைஞர்களுக்கு மேலே ஓக்பெச்சே என்ற கோல் இயந்திரத்தை வைத்தார்கள். 2021-22இல் சாம்பியன். ஓக்பெச்சே மட்டும் 18 கோல்.

அப்புறம் பண நெருக்கடியில் அந்த கிளப் சிதறிப்போனது வேறு கதை. கோச்சும் சரி, ஆட்களும் சரி, சம்பளம் வரவில்லை என்றால் எதுவும் நிற்காது.

கேரளா இவானுக்கு மூணு வருஷம் கொடுத்தாங்களே, கப் வந்துச்சா?

வரவில்லை. இவான் வுகோமனோவிச் 2021இலிருந்து மூன்று சீசனும் பிளே-ஆஃபுக்குப் போனார், 2022 இறுதியில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றார், 2024இல் போனார். பொறுமைக்குக் கோப்பை நிச்சயம் என்று யார் சொன்னது? மூன்று வருடம் எட்டாம் இடத்தில் இருந்த எனக்கு அந்த மூன்று பிளே-ஆஃப் கொடுத்தாலே போதும், கேரளாக்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்திய கோச் சரிப்படுமா? கிளிஃபர்ட் மேல நம்பிக்கை இருக்கா?

இருக்கிறது. 2023இல் ஒடிசாவில் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, சில வாரத்தில் கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தி சூப்பர் கோப்பை வாங்கியவர் கிளிஃபர்ட் மிராண்டா. காலித் ஜமீல் 2016-17இல் சின்ன கிளப்பான ஐஸாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார், 2025இல் இந்திய அணிக்கே கோச் ஆனார். இந்தியர்களுக்குத் திறமை இல்லை என்ற பேச்சு செல்லாது.

ஏழு இந்தியர்கள் கணக்கை இங்கேயும் கொண்டுவாருங்கள். இரண்டாம் நிலை லீக்கில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபியில் ஆடும் பையன்களை நேரில் பார்த்துப் பழகிய கோச்சுக்கு அந்த ஏழு பேரைத் தேர்வு செய்வது சுலபம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஆட்களைத் தெரிந்துகொள்ளவே பாதி சீசன் ஆகிறது, தெரிந்துகொண்டதும் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு பயம் மட்டும் உண்டு. இந்திய கோச் என்றால் செலவு குறையும் என்பதற்காக வைத்துவிட்டு, ஆட்களையும் குறைத்துக் கொடுத்துவிட்டு, தோற்றதும் "பார்த்தியா, இந்திய கோச்னா இப்படித்தான்" என்று சொல்லிவிடக் கூடாது.

லீக் நடக்குமான்னே தெரியாத ஊர்ல எதை நம்பி மூணு வருஷத் திட்டம் போடுறது?

நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லை நிறுத்திவைத்தார்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்கவில்லை. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. 2026 ஜனவரியில்தான் தேதி அறிவித்தார்கள், பிப்ரவரி 14 தொடக்கம், அதுவும் ஒவ்வோர் அணியோடும் ஒரே ஒருமுறை மோதுகிற சுருக்கப்பட்ட வடிவம்.

இப்படிப்பட்ட நேரத்தில் வெளிநாட்டு வீரர்கள் முதலில் கிளம்புவார்கள், அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது யார்? ஒப்பந்தத்தில் இருக்கும் இந்திய வீரர்கள். திட்டம் போட முடியாத காலத்தில்தான் அந்த மிச்சம் எவ்வளவு கெட்டி என்று தெரியும்.

அப்ப கோச்சை எப்பத்தான் மாத்தலாம்? ஒரு அளவு சொல்லுங்க.

தோல்வியை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். வாய்ப்புகள் உருவாகி கோல் விழாமல் இருந்தால் பொறுக்கலாம். ஒரே மாதிரி கோலை மூன்று ஆட்டம் வாங்கினால், அதாவது அதே கார்னர், அதே பின்பக்க இடைவெளி என்று திரும்பத் திரும்ப வந்தால், பயிற்சியில் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். லாஸ்லோவின் சீசனில் 20 ஆட்டத்தில் 11 டிரா, போட்டது 17 கோல். தோல்வி ஆறுதான். கிரிவெல்லாரோவும் காயத்தில் விழுந்தார். அதைக் கோச்சின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், கோல் போட ஆள் வாங்காத தோல்வி.

இன்னொன்று, இளம் வீரர்கள் முன்னேறுகிறார்களா என்று பார்ப்பேன். இருபத்தோரு வயதுப் பையன் செப்டம்பரில் ஆடியதைவிட ஜனவரியில் மோசமாக ஆடினால், பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

நீங்க முதலாளியா இருந்தா முதல்ல யாரை வாங்குவீங்க?

முதலில் யாரையும் வாங்க மாட்டேன். இருக்கிற இந்திய வீரர்களில் 24 வயதுக்குக் கீழே நன்றாக ஆடுகிற நான்கு பேரைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே நீட்டிக் கொடுப்பேன். கடைசி ஆறு மாதம் வரை இழுத்தால் வேறு கிளப் வந்து பேசிவிடும்.

அப்புறம் வாங்குவது என்றால், பந்தை அறுத்து முன்னால் கொடுக்கத் தெரிந்த ஓர் இந்திய மிட்ஃபீல்டர். தாப்பா போன இடம் எனக்கு இன்னும் காலியாகத்தான் தெரிகிறது. அடுத்து நிலையான ஒரு கோல்கீப்பர், கைத் விஷயத்தில் பட்டது போதும். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மூன்றாவதுதான். இதைச் சொன்னதும் என் மைத்துனர், "அப்ப கோல் யார் போடுறது?" என்றார். "கார்னர் கிடைச்சா டிஃபென்டர் போடுவாரு, 2018ல போட்டாரே" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.